புது ஆள் எடுக்காத அலுவலகம்

(உலக முதியோர் நாளான அக்டோபர் 1 அன்று, கும்பகோணத்தில் ஓய்வூதியர் கூட்டம் ஒன்றில் முதியோர் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்னை அழைக்க வந்த செயலாளர் ஐயா ஒரு துண்டுத் தாளில் தலைப்பை எழுதிக்கொண்டு வந்தார். ‘முதுமையில் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவது எப்படி?’ அதில் ‘பெருக்குவது’ என்பதை எடுத்துவிட்டுக் ‘காப்பது’ என்று போடச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பெருக்குவது என்றால்தான் கூட்டம் வருமாம். பவுடர் விற்பவர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். டிவியைப் போட்டால் ஒரு தாத்தா டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அந்த ஓட்டத்தில் அவர் விழுந்தால் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை.

எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நல்லது என்ற எண்ணமே சரியில்லை. முடக்குவாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கிக் கோணிப்போகின்றனவே, அது எதிர்ப்பு அமைப்பு சொந்த வீட்டையே எதிரியின் வீடு என்று நினைத்து அடிப்பதால் வருவது. எப்போது எழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்ற கணக்கு அதற்குத் தெரிய வேண்டும். வயதாகும்போது பிசகுவது அந்தக் கணக்குதான்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அரசு அலுவலகத்தில் இருந்தவர்கள். அதனால் உங்களுக்குப் பழக்கமான கதையாகவே சொல்கிறேன்.

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது என்று 1961 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. ஜாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர், பிறந்த கையோடு எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவற்றால் கிருமிகளைச் சமாளிக்க முடியவில்லை. தைமஸ்தான் நம் உடம்பின் தேர்வாணையம். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்களுக்குப் பரீட்சை வைத்து, தேறியவர்களை டி செல் என்ற பதவியில் வேலைக்கு அனுப்புகிறது. கடுமையான பரீட்சை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தோற்றுப்போகும். சொந்த உடம்பையே தாக்கக்கூடிய ஆள் உள்ளே வந்துவிடக் கூடாது அல்லவா?

இந்தத் தேர்வாணையம் பருவ வயதைத் தாண்டியதுமே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. அறுபது வயதில் அந்த இடத்தைப் பார்த்தால் பெரும்பகுதி கொழுப்பு. புது நியமனத்துக்கு ஏறக்குறைய தடை. இருக்கிற பழைய ஆட்களை வைத்தே அலுவலகத்தை ஓட்ட வேண்டும்.

பழைய ஆட்களைக் குறைத்து எடை போடாதீர்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய கோப்பு எந்த பீரோவில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் தலைமை எழுத்தரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பிலும் அப்படித்தான். 1918இல் உலகத்தையே உலுக்கிய ஃப்ளூ காய்ச்சலில் பிழைத்த குழந்தைகள் சிலர் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்கள். 2008இல் அப்படிப்பட்ட 32 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்தப் பழைய கிருமியை அடக்கும் எதிர்ப்புப் பொருள் தொண்ணூறு வருடம் கழித்தும் இருந்தது. அடுத்த வருடமே பன்றிக் காய்ச்சல் வந்தது. இளையவர்கள் பலர் படுத்தார்கள். வயதானவர்களை அது ஒப்பீட்டளவில் விட்டுவைத்தது. அதே சாயலில் ஒரு கோப்பை அவர்கள் உடம்பு முன்பே பார்த்திருந்தது.

பிறகு 2020. யாரும் பார்த்திராத கோப்பு. யார் வீட்டில் அதிகம் இழந்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலக உவமையில் இன்னொன்றும் உண்டு. வேலை நடக்காத அலுவலகத்தில் சத்தம் மட்டும் குறையாது. வயதான உடம்பில் கிருமியே இல்லாதபோதும் லேசான அழற்சி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். கிளாடியோ ஃபிரான்செஸ்கி என்ற இத்தாலிய ஆய்வாளர் 2000இல் அழற்சியையும் முதுமையையும் ஒட்டவைத்து இதற்கு ஒரே பெயராக வைத்தார். தொப்பைக் கொழுப்பு, அடங்காத சர்க்கரை, சீழ் பிடித்த ஈறு, புகை எல்லாம் இந்தச் சத்தத்தைக் கூட்டுபவை. உண்மையான எதிரி வரும்போது அலுவலகம் களைத்துப்போய் இருக்கும்.

சரி, சின்ன வயதில் சின்னம்மை வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். தூக்காதவர்களில் பலருக்கும் வந்திருக்கும், நினைவிருக்காது. அந்தக் கிருமி உங்களை விட்டுப் போகவில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் இத்தனை வருடமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. டி செல்கள் காவல் நிற்கின்றன. காவல் தளர்ந்த ஒரு நாளில் அது நரம்பு வழியே தோலுக்கு இறங்கி வரும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பெல்ட் கட்டினாற்போல் கொப்புளம் கொப்புளமாக. அதுதான் அக்கி.

என் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயதில் வந்தது. நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் வழக்கப்படி குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவிமண்ணைக் குழைத்து விலாவில் சிங்கம் எழுதிவிட்டார்கள். பதினைந்து நாளில் கொப்புளம் காய்ந்தது. காய்வது அதன் இயல்பு. பேர் சிங்கத்துக்குப் போயிற்று. ஆனால் வலி போகவில்லை. எட்டு மாதம். பனியன் துணி பட்டால் துடிப்பார். மார்கழிக் குளிரில் சட்டையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முதல் மூன்று நாளுக்குள் கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்கியிருந்தால் நோயின் கடுமையைக் குறைத்திருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தபோது ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது.

இன்று அக்கி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இந்தியாவிலும் கிடைக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு தவணை, இடையில் இரண்டிலிருந்து ஆறு மாதம். சோதனைகளில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குப் பாதுகாப்பு தந்தது. ‘புது நியமனம் நின்றுபோன அலுவலகம் என்றீர்களே, ஊசி எப்படி வேலை செய்யும்?’ என்று யாராவது கேட்க வேண்டும். கிருமியின் ஒரு சிறு துண்டோடு, தூங்குபவனைத் தட்டி எழுப்பும் ஒரு துணைப்பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் போட்ட அன்று கை வலிக்கும், உடம்பு வலிக்கும், ஒரு நாள் காய்ச்சலும் வரலாம். இரண்டு ஊசிக்கும் ஆகும் தொகையைக் கேட்டால் அக்கியே தேவலை என்று சிலருக்குத் தோன்றும். அப்பாவின் அந்த எட்டு மாதத்தைப் பார்த்தவன் என்பதால் நான் போட்டுக்கொண்டேன்.

தடுப்பூசி என்றாலே நம் வீடுகளில் குழந்தை ஞாபகம்தான் வருகிறது. காரணம் இருக்கிறது. 1978இல்தான் இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது, அதுவும் குழந்தைகளுக்காக. அதே 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். இரண்டும் ஒரே வருடத்தில் பிறந்தும் ஒன்றை ஒன்று இன்னும் சரியாகச் சந்திக்கவில்லை. உங்களில் பெரும்பாலோருக்குக் கையில் பெரியம்மை குத்திய தழும்பு ஒன்று இருக்கும். அதற்குப் பிறகு, காயத்துக்குப் போடும் டெட்டனஸ் ஊசி தவிர, வேறு எதுவும் போட்டிருக்க மாட்டீர்கள், கொரோனா ஊசி வரும்வரை. 2017-18இல் நாடு முழுவதும் முதுமை குறித்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் ஃப்ளூ ஊசி போட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நிமோனியாவுக்கான ஊசி அதைவிடக் குறைவு.

ஃப்ளூ என்றால் சளிக்காய்ச்சல்தானே என்று எண்ணாதீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இந்தக் கணக்கு உங்களுக்கு. ஃப்ளூ கிருமி வருடத்துக்கு வருடம் சட்டை மாற்றும். அதனால் ஊசியும் வருடத்துக்கு ஒருமுறை. முழுப் பாதுகாப்பு என்று யாரும் சொல்ல முடியாது. போட்டவர்களுக்கும் காய்ச்சல் வரும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போவது குறையும்.

நிமோனியாவுக்கான நிமோகாக்கஸ் ஊசி வருடா வருடம் தேவையில்லை. எந்த வகையை, எத்தனை முறை என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். நெதர்லாந்தில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஏறக்குறைய 85,000 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். ஊசியில் உள்ள வகைக் கிருமிகளால் வரும் நிமோனியா பாதிக்குப் பாதி குறைந்தது, அந்தக் கிருமி ரத்தம்வரை பரவுவது நான்கில் மூன்று பங்கு குறைந்தது. டெட்டனஸ் ஊசி உங்களுக்குத் தெரிந்ததே. காயம் பெரிதாக இருந்தால் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிறோம். தோட்டத்தில் முள் குத்தினால் விட்டுவிடுகிறோம். முள்ளும் மண்ணும் சேர்ந்ததுதான் ஆபத்து.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021க்கான மதிப்பீட்டில் அது பதின்மூன்றரையைத் தாண்டிவிட்டது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021இல் நாம் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கினோம். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தப் பையில் வருடத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பணம் உள்ளவர் மட்டும் போட்டுக்கொள்ளும் ஊசியைப் பொதுச் சுகாதாரம் என்று சொல்ல முடியாது. உங்கள் சங்கம் அகவிலைப்படிக்கு எழுதும் கடிதங்களில் நான்கில் ஒன்றை இதற்காக எழுதினால் நல்லது.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் போய்ச் சொல்லுங்கள். போன வருடம் ஐப்பசி மழையில் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை அழைத்துவந்தார்கள். மருமகள்தான் பேசினார். “அத்தைக்குக் காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். இருமலும் இல்ல. ரெண்டு நாளா காபி கேக்கல.” கூட வந்த மகன் சிரித்துவிட்டார், இதற்கெல்லாமா டாக்டர் என்று. கும்பகோணத்தில் எழுபத்தெட்டு வருடம் வாழ்ந்தவர், டிகாக்‌ஷன் வாசனைக்கே எழுந்து உட்காருபவர், இரண்டு நாள் காபி கேட்கவில்லை. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய நோய்க்குறி எதுவும் கிடையாது. முந்தின இரவு இறந்துபோன தங்கையைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். தெர்மாமீட்டர் 98.4 காட்டியது. மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பது. எக்ஸ்ரே எடுத்தால் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா.

வயதானவர்களில் நாலில் ஒருவருக்குக் கடும் தொற்று இருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம். காய்ச்சல் என்பது கிருமி செய்வதில்லை, நம் அலுவலகம் அடிக்கும் மணி. ஆள் இல்லாத அலுவலகத்தில் மணி அடிப்பது யார்? அதனால் 99 டிகிரி திரும்பத் திரும்பக் காட்டினாலே அவர்களுக்கு அது காய்ச்சல்தான். திடீர்க் குழப்பம், காரணமில்லாமல் விழுவது, சாப்பிட மறுப்பது, எழுந்து உட்கார முடியாமை, புதிதாகப் படுக்கையை நனைப்பது. இவற்றில் எது வந்தாலும் ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் காலம் கடந்து வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொரோனா காலத்தில் வாங்கி பீரோவில் போட்ட, ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல் கருவி இருக்குமே, அதை எடுத்துப் பேட்டரி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கு அது 89 காட்டியது. பத்தாம் நாள் வீடு திரும்பினார். ஆஸ்பத்திரிக் காபியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே சொல்ல முடியாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். புரட்டாசி மாதம் என்பதால் முட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வோம்.

அலுவலக ஊழியர்களுக்குச் சம்பளம் வேண்டும். எதிர்ப்பு அமைப்பின் சம்பளம் புரதம். ஐம்பது கிலோ எடையுள்ள முதியவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், தினமும் ஐம்பதிலிருந்து அறுபது கிராம் புரதம் தேவை. இளையவரைவிட இது கூடுதல். நம் பாட்டிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். காலையில் காபி, மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் ஒரு கைப்பிடி சாதம், ரசம், மோர். சாயங்காலம் காபி. ராத்திரி ‘எனக்கு ரெண்டு இட்லி போதும்’. எல்லாம் கூட்டினால் இருபத்தைந்து, மிஞ்சிப்போனால் முப்பது கிராம். பாதிச் சம்பளத்தில் முழு வேலை! குழம்பில் உள்ள பருப்பு மகனுக்கும் பேரனுக்கும் போய்விடும், பாட்டிக்குத் தெளிவு. பல் இல்லை, செரிக்காது, விதவைக்கு ராத்திரிப் பலகாரம் போதும் என்று எத்தனையோ காரணங்கள். கடைசிக் காரணம் இன்னும் சில வீடுகளில் வாய்விட்டுச் சொல்லாமலே நடக்கிறது.

இதற்குப் பவுடர் டப்பா தேவையில்லை. கொலு வைத்த ஒன்பது நாளும் சுண்டல் செய்கிறோமே, அதை ஏன் விஜயதசமியோடு நிறுத்துகிறோம்? ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பன்னிரண்டு கிராம் அளவுக்குப் புரதம். பல் இல்லாவிட்டால் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளலாம். மதியம் கெட்டிப் பருப்பு ஒரு கரண்டி கூடுதலாக, ராத்திரி இட்லிக்கு மிளகாய்ப்பொடிக்குப் பதில் சாம்பார், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். ஐப்பசி பிறந்ததும் அசைவக்காரர்கள் முட்டைக்குத் திரும்பலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம். மீனும் நல்லது, முள் பார்த்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு அவ்வளவு சக்தியா என்று சந்தேகம் வரும். சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. 2023இல் முடிவு வெளியானது. காசநோயாளிகளின் வீடுகளில் உள்ள மற்றவர்களுக்கு, ஒரு பிரிவில் மட்டும், மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, தினம் ஒரு சத்து மாத்திரை. வேறு மருந்து எதுவும் இல்லை. பத்தாயிரம் பேருக்கு மேல் கவனித்தார்கள். ரேஷன் கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எல்லா வயதினரையும் வைத்து, வறுமை மிகுந்த ஊர்களில் நடந்த ஆய்வு இது. ஆனாலும் அந்த ஒன்றரைக் கிலோ பருப்பை நான் மறப்பதில்லை. நீங்கள் மாதம் எத்தனை கிலோ பருப்பு சாப்பிடுகிறீர்கள்?

வாயைப் பற்றிச் சுருக்கமாக. நிமோனியாக் கிருமிகள் பல வாயிலிருந்துதான் நுரையீரலுக்கு இறங்குகின்றன, தூக்கத்தில் எச்சில் புரையேறி. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம், சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் ஊழியர்களே பெரியவர்களுக்குப் பல் துலக்கிவிட்டார்கள். துலக்கிவிட்ட பிரிவில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு நிமோனியா வந்தது. மற்ற பிரிவில் பத்தொன்பது பேருக்கு. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. பல் செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள். போட்டுக்கொண்டே தூங்குபவர்களுக்கு நிமோனியா வாய்ப்பு இரு மடங்கு என்று அதே ஜப்பானில் கண்டிருக்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

இனி, கையில் உள்ள எதிர்ப்புச் சக்தியை நாமே காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வதைப் பற்றி. முழங்கால் வலிக்கு ‘அந்தக் கடையில் மூணு மாத்திரை கலந்து மடிச்சுத் தருவாரு, கேட்டுடும்’ என்பார்கள். பெயரில்லாத பொட்டலம். ஊர் ஊராக வரும் சூரணமும் உண்டு. அப்படி ‘உடனே கேட்கும்’ பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். ‘அப்பா உடம்பு தேறிட்டார்’ என்று வீட்டில் மகிழ்வார்கள். உள்ளே காவல்காரர்கள் எல்லோருக்கும் கட்டாய விடுப்பு. தூங்கிக்கிடந்த காசநோய் எழும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மூச்சிரைப்புக்கோ முடக்குவாதத்துக்கோ மருத்துவர் அளந்து எழுதித் தரும் ஸ்டீராய்டு வேறு; அதை விட்டுவிடாதீர்கள். பொட்டலத்தையும் பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நான் திட்ட மாட்டேன். வருடக்கணக்காக வெறும் வயிற்றில் விழுங்கும் ‘கேஸ் மாத்திரை’யையும் கூடவே கொண்டுபோய், இது இன்னும் தேவையா என்று கேளுங்கள். வயிற்று அமிலமும் ஒரு வாசல் காவலாளிதான்.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர் பற்றி இந்த ஊரில் பேசாமல் இறங்க முடியாது. சித்த மருத்துவரைக் கேட்டு அளவாகக் குடியுங்கள், சண்டையில்லை. அதைக் குடித்தோம், ஊசி வேண்டாம் என்றால் சண்டை. கொரோனா காலத்தில் தொடங்கிய துத்தநாக மாத்திரையை இன்னும் விழுங்குபவர்கள் இருக்கிறீர்கள். நிறுத்துங்கள். அது மிகையானால் உடம்பில் தாமிரம் குறைந்து, வெள்ளையணுக்களே குறைந்துபோகும்.

நடையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2018இல் இங்கிலாந்தில் ஐம்பத்தைந்து முதல் எழுபத்தொன்பது வயதுவரை உள்ள 125 பேரைச் சோதித்தார்கள். வாழ்க்கையில் பெரும்பகுதி சைக்கிள் ஓட்டியவர்கள். அவர்களின் தைமஸ் இளைஞர்களுடையதைப்போலவே புது டி செல்களை அனுப்பிக்கொண்டிருந்தது. தேர்வாணையம் மூடவே இல்லை! அவர்களில் ஆண்கள் ஆறரை மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டர் மிதிக்கக்கூடியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் மகாமகக் குளத்தை நாலு சுற்றுச் சுற்றினால் அந்த அளவுக்குக் கிடைக்காது. கொஞ்சம் கிடைக்கும்.

கடைசியாக இங்கே வராதவர்களைப் பற்றி. மண்டபத்தில் ஆண்கள் நிறைய, பெண்கள் குறைவு. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொண்டு பலர் இருப்பார்கள். அமெரிக்காவில் ஜானிஸ் கீகால்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர், மறதி நோயாளியைக் கவனிக்கும் 13 பெண்களையும், அப்படி யாரையும் கவனிக்காத, அதே வயதுள்ள 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார். எல்லோர் கையிலும் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் ஒன்றை உண்டாக்கி, ஆறும் நாளை எண்ணினார். 1995இல் வெளியான ஆய்வு. நோயாளியைக் கவனித்த பெண்களுக்கு ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. ஃப்ளூ ஊசிக்கும் இப்படிக் கவனிப்பவர்களின் உடம்பு குறைவாகவே பதில் சொன்னது என்று அடுத்த வருடம் கண்டார். தூக்கமில்லாமல், பேச ஆளில்லாமல் ஒருவரைத் தூக்கி நிறுத்துபவரின் உடம்பு அதற்கான விலையைக் கொடுக்கிறது. ஸ்ட்ரோக் வந்த கணவரை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா, அவருக்கு எல்லா ஊசியும் போட வைத்தார். ‘உங்களுக்கு?’ என்று கேட்டேன். “எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றார். அன்றே அவருக்கும் போட்டு அனுப்பினேன். வாரத்துக்கு இரண்டு மதியம் அந்த அம்மாக்களை எழுப்பிவிட்டு நீங்களோ பிள்ளைகளோ கட்டிலருகே உட்காருங்கள். அவர்கள் கொஞ்சம் தூங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும், யாரோடாவது வம்பு பேசட்டும்.

நேரமாகிவிட்டது, வெளியே மேகமும் கூடுகிறது. ஃப்ளூ ஊசி போட்டால் அது உடம்பில் வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி பிறக்க இன்னும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான் இருக்கிறது.